ஒரே வடத்தில் இரண்டு கப்பல்

'லேடி மோர்வன்'
கிழக்குக் கரையில் ஒரு துறைமுகம்
14 பிப்ரவரி 1916

எஃபி,

செப்டம்பரில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியவன் ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கடைசிப் பயணத்தில் கில்மோரன் படகுத்துறைக்கு முதலில் வந்தது என் கப்பல். மேல்தளத்தில் இருந்த முந்நூறு பயணிகளும் சாட்சி. நீ என்ன செய்தாய்? சிக்னல் அறையில் என் பக்கத்து வட்டைக் கறுப்பாகவே விட்டுவிட்டு, உன் அண்ணன் லாக்லனுக்கு 'வா' என்று வெள்ளையைத் திருப்பினாய். கட்டிய புருஷன் தண்ணீரில் நின்று வேடிக்கை பார்க்க, உன் அண்ணனுடைய 'கிங் ஃபெர்கஸ்' என் மூக்குக்கு முன்னால் போய்க் கயிறு வீசியது. அவன் தொப்பியைத் தூக்கிக் காட்டியதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

சரி, கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். கடற்படை கைக்கு வந்ததும் பாலாடை நிறப் புகைபோக்கி போய்விட்டது. எல்லாம் சாம்பல் நிறம். பெயரை அழித்து ஓர் எண்ணை எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி பதித்த சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது நாற்பது பேர் ஈரச் சாக்ஸைக் காயப்போட்டுக்கொண்டு பன்றி இறைச்சி தின்கிறார்கள். சாராயக் கடை இருந்த இடத்தில் குண்டுகள். பிடில்காரர்கள் உட்கார்ந்த முன்தளத்தில் ஒரு பீரங்கி. பின்பக்கம் கம்பி வடம் சுற்றும் பெரிய வின்ச். எஞ்சினை ஜனங்கள் எட்டிப் பார்க்கும் அந்தத் திறந்த நடையை மட்டும் இரும்புத் தகடு போட்டு மூட முடியவில்லை. நம் எஞ்சினியர் முர்டோ அதற்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. தகடு கொண்டுவந்தவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்குத் தற்காலிக லெப்டினன்ட் பட்டம். மரியாதைதான். ஆனால் பெரிய கப்பல் அதிகாரிகள் எங்களை 'பிக்னிக் படகு' என்கிறார்கள்.

எதிரி போட்ட கடற்கண்ணி வெடிகளை வாரும் வேலையை ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். எனக்குக் கொடுத்த ஜோடி யார் தெரியுமா? 'கிங் ஃபெர்கஸ்'. கேப்டன் லாக்லன் லாமண்ட். உனக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும்.

டூகல்

---

கில்மோரன் படகுத்துறை
28 பிப்ரவரி 1916, திங்கள்

டூகல்,

சிரிப்புத்தான் வந்தது. வந்ததை மறைக்கவில்லை.

நன்றாகக் கேட்டுக்கொள். அன்றைக்கு உன் கப்பல் அரை நீளம் முன்னால் வந்தது உண்மை. ஆனால் நீ திருப்பத்தில் லாக்லனை மணல்திட்டுப் பக்கம் நெருக்கிக்கொண்டு வந்தாய். அவன் கப்பலில் ஒரு கிழவி பயத்தில் ஜெபம் சொன்னாளாம். நெருக்கிக்கொண்டு வருகிறவனுக்கு வெள்ளை கிடையாது. அப்பா இந்தத் துறையைப் பார்த்துக்கொண்ட காலத்திலும் கிடையாது, அவர் வாதத்தில் படுத்த பிறகு நான் சிக்னல் அறையில் உட்கார்ந்த இந்த எட்டு வருஷத்திலும் கிடையாது. புருஷன் என்பதற்காக வட்டைத் திருப்பியிருந்தால் அடுத்த நாளே இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

அப்படி எழுப்பத்தான் பார்க்கிறார்கள். துறைக்குச் சொந்தக்காரரான பண்ணையாரின் நிர்வாகியிடமிருந்து கடிதம் வந்தது. போர்க் காலத்தில் ஒரு படகுத்துறை பெண்பிள்ளை கையில் இருக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். தாராளமாக யோசியுங்கள், யோசித்து முடிக்கிற வரை நான்தான் கயிறு பிடிப்பேன் என்று பதில் போட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இருபது வருஷமாக ஒருவரை ஒருவர் முந்துவதைத் தவிர வேறு வேலை தெரியாத இரண்டு பேரை ஒரே வடத்தில் கட்டியிருக்கிறார்களே, அது கடற்படைக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நீங்களாவது சொன்னீர்களா?

கம்பளிச் சாக்ஸ் மூன்று ஜோடி அனுப்பியிருக்கிறேன். ஒன்று லாக்லனுக்கு. கொடுக்காமல் வைத்துக்கொள்ளாதே.

எஃபி

---

20 மார்ச் 1916

எஃபி,

சாக்ஸ் கொடுத்துவிட்டேன். நிறம் பிடிக்கவில்லையாம். போட்டுக்கொண்டுதான் சொன்னான்.

இந்தக் கப்பலில் எல்லோருடைய கடிதத்தையும் படித்துத் தணிக்கை செய்கிறவன் நான்தான். ஆகவே என் கடிதத்தில் என்ன எழுதலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொள்கிறேன். ஊர் பெயர் மட்டும் எழுத மாட்டேன்.

வேலை இதுதான். இரண்டு கப்பலுக்கும் நடுவே கால் மைல் இடைவெளி. நடுவில் ஒரு கம்பி வடம், தண்ணீருக்கடியில் தொங்கும். கடற்கண்ணி கடலடியில் நங்கூரம் போட்ட சங்கிலியில் மிதக்கும். வடம் அந்தச் சங்கிலியைப் பிடித்து அறுக்கும். கண்ணி மேலே வரும், துப்பாக்கியால் சுட்டு வெடிக்கவைப்போம். இவ்வளவுதான். இரு பக்கமும் துடுப்புச் சக்கரம் வைத்த நம் கப்பல்கள் தண்ணீரில் ஆழமாக அமிழாதவை என்பதால் பல கண்ணிகளுக்கு மேலாகவே போய்விடலாம். பெரிய கப்பல் போனால் அடிவயிறு கிழியும். பிக்னிக் படகு என்று சிரித்தவர்கள் இப்போது நாங்கள் வாரிக் கொடுத்த வழியில்தான் பின்னாலேயே வருகிறார்கள். நேற்று ஒன்பது எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை. பாதிரியாரிடம் சொல்லாதே.

ஒரே ஒரு விதி. இரண்டு கப்பலும் ஒரே வரிசையில் போக வேண்டும். ஒருவன் முன்னால் போனால் வடம் சாய்ந்துவிடும். அதை நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியும், லாக்லனுக்கும் தெரியும். போகிறபோது ஒழுங்காகத்தான் போகிறோம். திரும்பி வரும்போதுதான், துறைமுகத்துக் கல்சுவர் கண்ணில் பட்டதும், கை தானாக எஞ்சின் அறைக்கு வேகம் சொல்லும் மணிப்பிடிக்குப் போகிறது. பழக்கம். கையை அடக்கிக்கொள்கிறேன். அவனும் அடக்கிக்கொள்வதைத் தொலைநோக்கியில் பார்க்கிறேன்.

நேற்று மாலை தகர ஒலிக்குழாயை வாயில் வைத்துக் கத்தினான்: "மாப்ளே, என்ன மூச்சு வாங்குது? பொம்பளைங்க சாமான் ஏத்திக்கிட்டு வர்ற மாதிரி வர்றே!" இரண்டு கப்பலிலும் ஆட்கள் சிரித்தார்கள்.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை, கடற்படையிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்களைப் பிரித்துவிடுவார்கள். அவனைவிட நன்றாகத் துடுப்புச் சக்கரக் கப்பல் ஓட்டுகிறவன் இந்தக் கரையில் கிடையாது. இதை அவனிடம் சொன்னாயோ, உன்னோடு பேச மாட்டேன்.

டூகல்

---

கில்மோரன்
8 மே 1916, திங்கள்

டூகல்,

வியாழக்கிழமை ஜீன் மக்ரேவுக்குத் தந்தி வந்தது. அவள் புருஷன் ரோரி செத்துவிட்டான். தந்தியை வாங்கிப் பிரித்து அவளுக்குப் படித்துக் காட்டியது நான். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். 'கிங் ஃபெர்கஸ்' மூழ்கியது, நெருப்பறையில் இருந்தவன் என்று மட்டும் போட்டிருந்தது. அவள் என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்க ரெண்டு பேரும் இருக்காங்களா?" என்றாள். எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நின்று தெரியாது என்று சொல்வது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலி எழுதினாள். லாக்லனுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது, இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவனை இழுத்துப் போட்டது உன் கப்பல்தான் என்று அவள்தான் எழுதினாள். நீ எழுதவில்லை.

என்ன நடந்தது?

எஃபி

---

12 மே 1916

எஃபி,

என்ன நடந்தது என்றால், கடற்கண்ணி வெடித்தது. போரில் அது நடக்கும்.

மே இரண்டாம் தேதி. காலையில் பனி விலகி நல்ல வெயில். நான்கு எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வடம் இன்னும் தண்ணீரில்தான் இருந்தது. கல்சுவர் வரை வாரிக்கொண்டே வர வேண்டும் என்று உத்தரவு. பத்தே முக்காலுக்கு 'ஃபெர்கஸ்' கப்பலின் இடது துடுப்புச் சக்கரப் பெட்டி ஆகாயத்துக்குப் போனது. பதினெட்டு நிமிஷத்தில் மூழ்கிவிட்டது. வடத்தை வெட்டிவிட்டு நேரே போய்ப் பக்கத்தில் ஒட்டினேன். ஒரு சின்னத் தட்டுக்கூட இல்லாமல் ஒட்டினேன், எஃபி, கில்மோரனில் ஒட்டுவதுபோல. ஐம்பத்திரண்டு பேரில் ஐம்பத்தொருவரை எடுத்தோம். ரோரி கீழே இருந்தான்.

விசாரணை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. லாக்லனைக் கட்டிலில் வைத்தே கேட்டார்கள். யார் வரிசையை மீறி முன்னால் போனது என்பதுதான் கேள்வி. உன் அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? "நான்தான் சார் முன்னாடி போனேன். லேடி மோர்வன் எப்பவும் எனக்குப் பின்னாடிதான்." கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போதும் பீற்றல். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். இனி அவனுக்குக் கப்பல் கிடையாது, வேலையும் கிடையாது.

என்னிடம் மீட்பைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். நன்றாகச் செய்தாய் என்றார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

ஜீனிடம் என் வருத்தத்தைச் சொல்.

டூகல்

---

கில்மோரன்
11 ஜூன் 1916, ஞாயிறு

டூகல்,

தேதியைப் பார்த்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை நான் பேனா தொட்டது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. பாதிரியார் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாலும் எழுதுவதை நிறுத்தப் போவதில்லை.

லாக்லன் வந்து பத்து நாள் ஆகிறது. இன்று கோவிலுக்குப் போனோம். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். ஒருவர் விடாமல். பாட்டு முடிகிற வரை நானும் அவனும் தனியாக நின்றோம். வெளியே வரும்போது ஜீன் எதிரே வந்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்ப்பதுபோல் தாண்டிப் போனாள். ரோரியைப் பந்தயத்துக்காகக் கொன்றவன் என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எப்போதும் வாய் ஓயாதவன்.

நான் கப்பல் ஓட்டியதில்லை. ஆனால் கயிறு பிடித்தே வளர்ந்தவள். துறையில் இரண்டு பேர் ஒரு கயிற்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தால், நடுவில் மாட்டுகிற குப்பை பின்தங்கினவன் பக்கம்தான் வழுக்கிக்கொண்டு போகும். முன்னால் போகிறவன் பக்கம் வராது. உன் கடற்கண்ணி 'ஃபெர்கஸ்' கப்பலுக்குப் போனது. அப்படியென்றால் பின்தங்கியவன் யார், முன்னால் போனவன் யார்? பெரிய கப்பல் அதிகாரிகளுக்கு அது தோன்றவில்லை. ஒருவன் தானாகவே ஒத்துக்கொண்டுவிட்டால் யோசிக்க யாருக்கு நேரம்?

லாக்லனைக் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னான் என்று சொன்னான். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். ஆகவே அதைச் சொல்லவில்லை.

உன்னிடம் ஒரே கேள்வி. முன்னால் போனது யார்?

எஃபி

---

19 ஜூன் 1916

எஃபி,

நான்.

கேட்டாய், சொல்லிவிட்டேன். கல்சுவர் தெரிந்தது. அவன் ஒலிக்குழாயில் ஏதோ கத்தினான். மணிப்பிடியை முழு வேகத்துக்குத் தள்ளினேன். முர்டோ கீழே காத்துக்கொண்டிருந்தவன்போல் கொடுத்தான். அரை நீளம் முன்னால் போனேன். பிறகு முக்கால். அவனும் தள்ளினான், ஆனால் அவனுக்குக் கொதிகலன் பழசு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, எஃபி. வெடிக்கும் வரைக்கும் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஆனால் விசாரணைக் குழுவிடம் போய்ச் சொல்லப் போவதில்லை. என்னைத் திட்டு, எழுதாமல் இரு, என்ன வேண்டுமானாலும் செய். நான் சொன்னால் நாளைக்கே கப்பல் போய்விடும். மீசை முளைக்காத ஒருத்தனைக் கொண்டுவந்து இங்கே நிறுத்துவார்கள். துடுப்புச் சக்கரம் புயலில் ஒரு பக்கம் தண்ணீரை விட்டு எழும்பும்போது என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியுமா? ஒரே மாதத்தில் கப்பலையும் நாற்பது பேரையும் கடலில் போட்டுவிடுவான். நான் இருந்தால் அவர்கள் உயிரோடு இருப்பார்கள். ரோரியை நான் திரும்பக் கொண்டுவர முடியாது. லாக்லன் தானாகவே சொன்னான், நான் சொல்லச் சொல்லவில்லை. பீற்றிக்கொள்ள ஆசைப்பட்டான், அதற்கு விலை கொடுக்கிறான்.

இருபத்தொரு வயதில் கயிற்றுப் பையனாக ஏறிய கப்பல் இது. விட மாட்டேன். கடற்படை அல்ல, ராஜாவே வந்து கேட்டாலும் விட மாட்டேன்.

டூகல்

---

கில்மோரன்
26 ஜூன் 1916, திங்கள்

டூகல்,

சத்தியத்தை மீறுகிறேன். லாக்லன் என்னை மன்னிக்க மாட்டான், பரவாயில்லை.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டதற்கு அவன் சொன்னது இதுதான்: "என் கப்பல் அடியில போயிடுச்சு எஃபி. இனிமே எனக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்ல. அவனுக்கு இன்னும் ஒண்ணு இருக்கு. அது இல்லாம அந்தப் பய என்ன பண்ணுவான்?"

இதைத்தான் நீ பீற்றல் என்று எழுதினாய். இரண்டு கடிதத்தில், இரண்டு தடவை.

நாற்பது பேருக்காக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அழகாக இருக்கிறது. அதை ஜீனிடம் போய்ப் படித்துக் காட்டட்டுமா? உன் இடத்தில் வருகிறவனுக்குத் தெரியாது என்றால் சொல்லிக் கொடு. கூலிக்காரனாக நின்று சொல்லிக் கொடு. கப்பல்மேல் ஆசை இருக்கிறவன் அப்படித்தான் செய்வான். தொப்பிமேல் ஆசை இருக்கிறவன்தான் உன்னைப்போல் எழுதுவான்.

விசாரணைக் குழுவுக்குச் சொல்லுவது ஒன்று. ஜீனுக்கும் நீதான் சொல்ல வேண்டும். உன் வாயாக இருந்து நான் சொல்ல மாட்டேன். அது நடக்கிற வரை எனக்கு எழுதாதே. வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். நான் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

எஃபி

---

17 ஜூலை 1916

எஃபி,

இதைப் பிரி. நடந்துவிட்டது.

துறைமுகத் தலைமை அதிகாரியின் அலுவலகத்துக்கு நானாகவே போனேன். மூன்று நாள் உள்ளே விடவில்லை. நான்காம் நாள் காலை ஆறு மணிக்கே வாசலில் நின்றுகொண்டேன். விசாரணை முடிந்த விஷயம், கையெழுத்தும் ஆகிவிட்டது, ஏன் கிளறுகிறாய் என்றார். தப்பாகக் கையெழுத்தாகியிருக்கிறது சார், அதனால்தான் என்றேன். கயிற்றில் மாட்டினது எந்தப் பக்கம் சரியும் என்று அவர் மேஜையில் இருந்த இரண்டு மசிப் புட்டிகளையும் ஒரு நூலையும் வைத்துக் காட்டினேன். உன் பெயரைச் சொல்லவில்லை. ஒரு படகுத்துறை அதிகாரி கண்டுபிடித்தது என்றேன்.

நூலைத் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, "உனக்குப் பைத்தியமா? நாங்க உன்னைக் கேட்கவே இல்லையே," என்றார்.

"அதான் சார் கஷ்டமா இருந்துச்சு," என்றேன்.

குழு மறுபடி கூடியது. லாக்லனுக்கும் தந்தி அடித்துக் கேட்டார்கள். அந்தக் கழுதை மறுபடியும் தானே முன்னால் போனதாகப் பதில் தந்தி அடித்திருக்கிறான். இரண்டு கேப்டனும் தானே குற்றவாளி என்று சண்டை போடும் வழக்கை அவர்கள் பார்த்ததில்லையாம். கடைசியில் இருவருமே பந்தயம் ஓட்டினோம் என்று முடிவு. இருவருக்கும் இனி எந்தக் கப்பலிலும் தலைமை கிடையாது. லெப்டினன்ட் பட்டையைப் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். கோட்டின் கையில் நூல் தொங்குகிறது.

போய்விடலாம் என்றார்கள். போகவில்லை. சாதாரண மாலுமியாக இதே கப்பலில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். புது கேப்டன் நாளை வருகிறான். இருபத்து மூன்று வயது.

உள்ளே ஜீனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, நீ படிக்கலாம். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவள் தானே படிக்கட்டும்.

டூகல்

---

கில்மோரன்
31 ஜூலை 1916, திங்கள்

அன்புள்ள டூகல்,

கடிதத்தை நான் படிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜீன் வாசல்படியில் நின்றுகொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, அவள் உள்ளே போகவில்லை. நானும் போகவில்லை. முடித்து மடித்து ஏப்ரனில் வைத்துக்கொண்டாள்.

நீ மன்னிப்பு எதிர்பார்த்து எழுதியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவள் சொன்னது இதுதான்:

"ரெண்டு பேரும்தானே ஓட்டினீங்க. எவன் முன்னாடி போனான்னா எனக்கு என்ன? ரோரி கீழ இருந்தான்."

நாம் மூன்று பேரும் மூன்று மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அவளுக்கு ஒரு கேள்வியே இல்லை. ஆனாலும் நீ எழுதியது சரிதான். எழுதாமல் இருந்திருந்தால் அவள் லாக்லனை மட்டும் வெறுத்துக்கொண்டிருப்பாள். இப்போது உங்கள் இருவரையும் வெறுக்கிறாள். அது அவள் உரிமை. அது உனக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

லாக்லனிடம் அவள் சொன்னதைச் சொன்னேன். அவன் உன்மேல் கோபமாக இருந்தான். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற பயல் என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தவன் அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டான். இரண்டு நாள் கழித்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்றேன். கண்ணி இன்னும் நிறைய இருக்கிறதே என்றான். கட்டு அவிழ்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் தடுக்கவில்லை. துறையில் அவனை ஏற்றிவிட்டபோது ஊரில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படி, "ஜாக்கிரதையா போயிட்டு வா அண்ணே," என்று சத்தமாகவே சொன்னேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

நிர்வாகியின் கடிதம் மறுபடி வந்தது. ஆண் ஒருவன் கிடைத்துவிட்டானாம், சிக்னல் அறைச் சாவியைக் கொடுக்க வேண்டுமாம். அந்த ஆண் போன திங்கள்கிழமை வந்தான். மூன்று கப்பல் ஒரே நேரத்தில் வந்தது, மூன்றுக்கும் வெள்ளையைத் திருப்பிவிட்டான். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன், பிறகு ஓடிப்போய் இரண்டைக் கறுப்பாகத் திருப்பினேன். மதியம் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

உன் கோட்டுக் கையைத் தைத்துக்கொள். நூல் தொங்க விடாதே. உன்னை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது ஜூன் மாதத்தில். இப்போது இல்லை.

எஃபி

---

'லேடி மோர்வன்'
22 ஆகஸ்ட் 1916

அன்புள்ள எஃபி,

முதலில் ஒரு விஷயம். இந்தக் கடிதத்தை இனி நான் தணிக்கை செய்வதில்லை. புது கேப்டன் லெப்டினன்ட் பெல்ச்சாம் படிப்பார். ஆகவே அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்: சார், அடுத்த வரிகளில் உங்களைப் பற்றிக் கொஞ்சம் வருகிறது, மன்னிக்கவும்.

நல்ல பிள்ளை. முதல் வாரம் சுக்கான் பிடிக்க என்னை நிறுத்திவிட்டு, நான் எதற்கு என்ன செய்கிறேன் என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பத்தாம் நாள் ஒரு புயல். வலது சக்கரம் தண்ணீரை விட்டு எழும்பிச் சுழன்றது, எஞ்சின் அலறியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. உத்தரவுக்குக் காத்திருக்காமல் நான் சுக்கானைத் திருப்பினேன். அது குற்றம். மாலையில் கூப்பிட்டார். தண்டனை என்று நினைத்துப் போனேன். "மறுபடி காட்டுங்க," என்றார். தினமும் காட்டுகிறேன். கூலிக்காரனாக நின்று சொல்லிக் கொடு என்றாயே, அதுதான் நடக்கிறது. உன்னிடம் திட்டு வாங்கியது வீண் போகவில்லை.

ஜீன் சொன்னதைப் படித்தேன். பல தடவை படித்தேன். அவளுக்கு மறுபடி எழுத மாட்டேன். எழுதினால் எனக்கு லேசாகும், அவளுக்கு ஆகாது.

லாக்லன் ஐந்தாம் தேதி வந்தான். எட்டு விரலோடு எந்த வேலைக்கு எடுப்பார்கள்? நம் கப்பலில் ஆள் பற்றாக்குறை, எடுத்துக்கொண்டார்கள். ஏணியில் ஏறி வந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில் என் தட்டிலிருந்து ஒரு ஹெர்ரிங் மீனை எடுத்துத் தின்றான். அவ்வளவுதான் சமாதானம்.

இங்கே ஒரு வேலைக்கு யாரும் ஆசைப்படுவதில்லை. கப்பலின் மூக்கில், பீரங்கிக்கும் முன்னால், ஒருவன் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சங்கிலி அறாத கண்ணி மேலாக மிதந்தால் முதலில் கண்ணில் படுவது அவனுக்குத்தான். படவில்லை என்றால் முதலில் போவதும் அவன்தான். ஆகவே ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்திருக்கிறார்கள். லாக்லன் வந்த முதல் நாள் தன் முறைக்கு நின்றான். அடுத்தவன் வந்தபோது இடம் விடவில்லை. அதற்கடுத்தவனுக்கும் விடவில்லை. பதினேழு நாளாக, வடம் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் அவன்தான் அங்கே. லெப்டினன்ட் சொல்லிப் பார்த்தார். காது கேட்காதவன்போல் நிற்கிறான். இதுவரை இரண்டு கண்ணியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். இரண்டாவது, எங்கள் சக்கரத்துக்கு இருபது அடியில் போனது. கீழே நெருப்பறையில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

நேற்று என் சுக்கான் முறை முடிந்ததும் நான் போனேன். "போதும், பின்னால வா. நான் நிக்கிறேன்," என்றேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே, "போடா. வேணும்னா நீ முன்னாடி வா," என்றான்.

அங்கே இரண்டு பேர் நிற்க இடம் கிடையாது. நிற்கிறோம்.

டூகல்